வெள்ளி இலைக்கு வரவேற்பு

அந்த அம்மாளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சொந்தமாக வெள்ளி நகை வடிவமைத்து இன்ஸ்டாகிராமில் விற்பவர். இருபது பேரை மட்டும் அழைத்து, சதுரங்கப்பட்டினத்தில் ஒரு கடற்கரை வீட்டில் புது நகைகளை அறிமுகம் செய்ய நினைத்தார். நான் திருப்போரூரில் வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மேடை அலங்காரம் செய்கிறவள். அந்த இருபது பேரில் நாலு பேர் பிறகு என்னைக் கூப்பிட்டால் போதும், பிளாஸ்டிக் பூவிலிருந்து விடுதலை என்று ஒப்புக்கொண்டேன்.

"எல்லாம் லோக்கலா இருக்கணும்," என்றார். சாமந்தி கொண்டுபோனேன். "ஐயோ, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு." தென்னங்குருத்துத் தோரணம் கட்டினேன். "அரசியல் மீட்டிங்கா இது?" மூன்று வாரம் இதே கூத்து. நான் பேசும்போதெல்லாம் போனைத்தான் பார்ப்பார். ஒருநாள் என்னை வைத்துக்கொண்டே தோழியிடம், "லோக்கல் பொண்ணுதான், சொன்னா செய்யும்," என்றார். செய்யுமாம்! நான் என்ன ஆடா, மாடா?

நிகழ்ச்சிக்கு முதல் நாள் நகைப்பெட்டியைத் திறந்து காட்டினார். கறுப்புக் கயிற்றில் வெள்ளி இலை. அரச இலை வடிவம், ஓரமெல்லாம் புள்ளி வேலைப்பாடு. செங்கல்பட்டில் பழைய வெள்ளி வாங்கும் கடையில் ஒன்று கிடைத்ததாம். அதைப் பார்த்து இருபது செய்தாராம்.

"கழுத்துல போட்டா எவ்ளோ எலிகன்ட்டா இருக்கு பாரு."

பார்த்தேன். அது அரைமூடி. நடை பழகும் பெண் குழந்தைக்கு இடுப்புக் கயிற்றில் கோத்து முன்னால் தொங்கவிடுவது, மானத்தை மறைக்க. எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது. பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கெல்லாம் மாறி மாறிப் போகும்.

சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். "மேடம், இது வந்து..."

"நீ பூவை மட்டும் பாரு."

சரி, பூவை மட்டும் பார்க்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு வருகிற பெரிய மனுஷிகளில் ஒருத்தியாவது கண்டுபிடித்துச் சிரிக்காமலா போவாள்? நினைக்க நினைக்க உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் பலகாரத்துக்கு என் அம்மாவைத்தான் அழைத்துப்போயிருந்தேன். நான் கடல் பக்கம் காற்றில் சாய்ந்த பூச்சட்டிகளை நிமிர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாள் சமையலறைக்குள் நுழைந்திருக்கிறார். "இந்த முகம்தான் வேணும்!" என்று, மாவுக் கையோடு நின்றவளைக் கழுவக்கூட விடாமல் கழுத்தில் ஒன்றை மாட்டி, விருந்தினரை வரவேற்க வாசலுக்கு இழுத்துவந்து நிறுத்திவிட்டார்.

நான் வாசலுக்கு ஓடியபோது முதல் கார் வந்துவிட்டது. இறங்கிய வயதான பெண்மணி அம்மாவின் கழுத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது, அரைமூடியைப் போய் கழுத்துல மாட்டிண்டு நிக்கறே?"

கூட வந்தவர்களுக்கு விளக்கமும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நகை செய்தவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அம்மா அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கழற்றி, ஒட்டியிருந்த மாவைப் புடவையில் துடைத்து, அந்த அம்மாள் கையில் வைத்தாள். "கொயந்த இடுப்புல கட்றது மா இது," என்று மட்டும் சொல்லிவிட்டு வடைச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த அம்மாளுக்கு முகம் கறுத்துப்போனது. "இந்த லோக்கல் ஆளுங்க ஒருத்தர்கூட எங்கிட்ட சொல்லல பாருங்க," என்றார் விருந்தினரிடம். மூன்று வாரத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதன் பிறகு என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? அதைப் பற்றிக் கவலைப்படக்கூட அன்று எனக்கு மனம் இல்லை.

பஸ் மாமல்லபுரம் தாண்டியது. அம்மா கேட்டாள். "நேத்தே பொட்டிய தொறந்து காட்னாங்கன்னு சொன்ன இல்ல?"

"ம்."

"இன்னான்னு தெர்லியா உனுக்கு?"

"தெர்லமா," என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உன் தங்கச்சிக்கு தெனம் நீதான்டி கட்டிவுடுவ," என்றாள்.