உப்புக்காத்து முக்கு

என் மேசை இழுப்பறையில் ஒரு கயிறு கிடக்கிறது. ஷூ லேஸ்களைச் சேர்த்துப் பின்னியது. முழ நீளம்கூட இராது. இரண்டு முனையிலும் கை நுழைகிற அளவுக்கு வளையம். ஒன்றில் மட்டும் சின்னதாக ஒரு முடிச்சு. முடிச்சுள்ள வளையம் மைனியுடையது. தடவிப் பார்த்தே தன் பக்கம் எது என்று கண்டுகொள்வாள். மைனி என்றால் என் மாமா மகள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பள்ளிக்கூட நாளிலேயே அவளுக்குப் பார்வை போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மங்கலாகத் தெரியும். அவள் ஓட்டக்காரி. முடிச்சில்லாத வளையம் என்னுடையது. பார்வையற்றோர் ஓட்டத்தில் பக்கத்திலேயே ஓடி வழி சொல்ல ஒரு துணை வேண்டும். அந்தத் துணை நான். கல்லூரிக் காலம் முழுக்க எங்கள் இரண்டு பேர் வியர்வையும் ஊறிய கயிறு. இப்போது முகர்ந்து பார்த்தால் மரத்தின் வாசம்தான் வருகிறது.

எனக்கு அப்போதே ஊர்ப்பெயர்ப் பித்து. படித்தது வேதியியல், பார்த்ததெல்லாம் பெயர்ப்பலகை. கடலைத் தூர்த்துக் குடியேறியதால் தூத்துக்குடியா, அனுமன் தூது வந்து தங்கியதால் தூத்துக்குடியா என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும், இரண்டு கதையையும் பிரித்துப் போட்டு, மூன்றாவதாக என் ஊகம் ஒன்றையும் சேர்த்துத்தான் விடுவேன். வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். மைனியால் முடியாது, கயிற்றில் மாட்டியிருக்கிறாளே. தூத்துக்குடியில் நாங்கள் ஓடிப் பழகிய மைதானத்துக்குத் தருவை என்று பெயர். செம்மணல் மேடான தேரிக்காட்டுப் பக்கம் தருவை என்றால் மழைத்தண்ணீர் வந்து தேங்குகிற பரந்த பள்ளம். அப்படியானால் இந்த மைதானத்திலும் ஒரு காலத்தில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி. தண்ணி கெடந்துச்சாம், இவ போய்ப் பாத்தாளாம் என்று மைனி ஓடிக்கொண்டே நக்கலடிப்பாள். ஒரு வருஷம் ஐப்பசியில் விடாமல் மழை கொட்டியது. வெறித்ததும் ஆசையாய்ப் போனோம். வாசலைத் தாண்டியதும் கணுக்கால் வரை தண்ணீர். மைனி நின்று, காலால் அளைந்து பார்த்து, "ஏளா, ஒன் தருவை வந்துட்டு" என்றாள். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாதம் அது.

எனக்குப் பெயரை விசாரிக்கத்தான் தெரியும். வைக்கத் தெரிந்தவள் அவள். விடிகாலையில் கடற்கரைச் சாலையில் மெல்லோட்டமாகப் போவோம். பேக்கரி அடுப்பில் மக்ரூன் வேகிற முந்திரி வாசம் வருகிற இடம் அவளுக்கு மக்ரூன். சங்கு அடைத்து வைத்திருக்கிற கிட்டங்கியின் வீச்சம் எட்டுகிற இடம் கிட்டங்கி. படகுகளுக்காக ஐஸ் நொறுக்குகிற சத்தம் கேட்டால் ஐஸ். அதையும் தாண்டி, கட்டடமெல்லாம் முடிந்து கடல் சட்டென்று முகத்தில் அறைகிற திருப்பம்தான் உப்புக்காத்து முக்கு. அங்கே வந்ததும் அவள் கால் தானாகவே வேகம் பிடிக்கும். மைதானத்தில் நான் 'வளைவு', 'நேர்' என்று கத்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "வளைவுன்னா ஆருக்குளா தெரியும்? எனக்கு ஒரு எடத்தச் சொல்லு" என்றாள். அன்றைக்கே அந்தச் சாலையைச் சுருட்டி எடுத்துவந்து நானூறு மீட்டர் வட்டத்தில் விரித்தோம். புறப்படும் கோடு மக்ரூன், முதல் வளைவு கிட்டங்கி, எதிர்ப்பக்க நேர்கோடு ஐஸ். கடைசி வளைவு முடிந்து, மூச்சையெல்லாம் கொட்டி ஓட வேண்டிய இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே சொல்: உப்புக்காத்து.

அவள் ஓடுகிற பிரிவில் எல்லாரும் கண்ணைக் கறுப்புப் பட்டையால் மூடிக்கொள்ள வேண்டும். ஒருத்திக்குத் துளி வெளிச்சம் தெரிந்து இன்னொருத்திக்குத் தெரியாமல் போனால் போட்டி சமமாகாது. முதல் தடவை பட்டையைக் கட்டும்போது எனக்கு ஆத்திரமாக வந்தது. இருக்கிற கொஞ்சத்தையும் பிடுங்குகிறார்களே என்றேன். மைனி, இருட்டுல எல்லாரும் ஒண்ணு, இது நல்ல நியாயம்தானளா என்று சொல்லிப் பட்டையை இன்னும் இறுக்கினாள். துணைக்கும் விதிகள் உண்டு. இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது, முடிவுக் கோட்டை ஓட்டக்காரிக்கு முன்னால் தொடக் கூடாது. எல்லாமே துணை மிஞ்சிவிடக் கூடாது என்பதற்கான விதிகள். துணை பின்தங்கினால் என்ன செய்வது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சென்னையில் நடந்த மாநிலப் போட்டியில் முதலிடம் வந்தால் தேசிய அளவில் ஓடலாம். ஐஸ் வரைக்கும் நாங்கள்தான் முன்னால். உப்புக்காத்து என்று நான் கத்தினேன், அவள் பறந்தாள், என் கால் வரவில்லை. எங்கள் இருவர் கைக்கும் நடுவே எப்போதும் தொய்ந்து தொங்கவேண்டிய கயிறு, அப்போது கம்பி மாதிரி விறைத்து நின்றது. அந்த இழுப்பை இன்றைக்கும் மணிக்கட்டில் உணர்கிறேன். அவள் என்னையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஓடினாள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துத் தடத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாமிடம். மூச்சு திரும்பியதும் மைனி கேட்டது, ஓட்டக்காரி துணையை இழுத்தா எந்த விதில தள்ளுவாங்க என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவள் வேகம் கூடிக்கொண்டே போயிருக்கிறது, நான் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறேன்.

திரும்பி வரும் ரயிலில் விடிந்தபிறகு சொன்னேன், வேற ஆளப் பாருங்க மைனி என்று. அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி மணியாச்சியில் நின்றது. டீ விற்பவர் ஊர்ப்பெயரைச் சொன்னதைக் கேட்டிருப்பாள்போல.

"வேகமா ஓடுதவன் கெடைப்பான். மணியாச்சின்னு ஏன் பேரு வந்துச்சுன்னு கேட்டா, அவன் சொல்லுவானா?"

எனக்கும் தெரியாது மைனி என்றேன். அதற்குமுன் எந்தப் பெயருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது அவள் கயிற்றைக் கழற்றி என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

மைனிக்குக் கோயம்புத்தூரில் வங்கி வேலை கிடைத்து, அங்கேயே பயிற்சியும் அமைந்தது. நான் இங்கே தனியாகக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறேன். பேக்கரி வேறு தெருவுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனாலும் தாண்டும்போது என் வாய் மக்ரூன் என்றுதான் சொல்கிறது. காரணம் போனபிறகும் பெயர் நின்றுவிடுகிறது என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்! அது இப்படி வலிக்கும் என்று சொன்னதில்லை.

போன வாரம் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். செம்மண் நிறத் தடம், தூரத்தில் மலை. கூட ஓடுகிறவன் கொங்கு நாட்டுப் பையன், கடலையே பார்த்ததில்லையாம். கடைசி வளைவு முடிகிற இடத்தில் அவன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "உப்புக்காத்துங்கக்கா!" மைனி பறக்கிறாள். பின்னாலேயே குரலில் ஒரு செய்தி. "ஏளா, இங்கன காத்தே கெடையாது. ஆனா அவன் அந்தப் பேரச் சொன்னா மூஞ்சில அடிக்கி."

நூறு வருஷம் கழித்து என்னைப்போல ஒரு பித்துக்குளி அந்த மலையடிவாரத்தில் நின்று, கடலே இல்லாத ஊரில் இந்த முக்குக்கு ஏன் இப்படிப் பெயர் என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். நான் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தது அவர்கள் இருவர் கைக்கும் நடுவே இருந்ததைத்தான். புதுக் கயிறு. கோட்டைத் தொடும்வரை அது ஒருமுறைகூட விறைக்கவில்லை. தொய்ந்து, துள்ளிக்கொண்டே போனது. இழுப்பறையைத் திறந்து பழையதை எடுத்து, முடிச்சில்லாத வளையத்தில் கையை நுழைத்தேன். முடிச்சுள்ள முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.