மங்கலான மலை

தர்மபுரியில் உள்ள என் கம்ப்யூட்டர் கடைக்கு அவர் கடத்தூரிலிருந்து வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு, படத்தைத் துல்லியமாகக் காட்டும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும் கேட்டார். ஒவ்வொரு திரைக்கு முன்னும் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"பேரனுக்குங்களா?" என்றேன்.

"எனக்குத்தானுங்க. பைலட் படிக்கறப்போ எம்பொண்ணு ஓட்டுன ப்ளேன் மலையில மோதிடுச்சு. அதே வழியில நானும் ஒருவாட்டி போய்ப் பாக்கணும்."

உயர்ந்த கார்டையும் 4கே மானிட்டரையும் பொருத்தி, அவர் சொன்ன அந்த மலையை விளையாட்டில் காட்டினேன். பாறைகளும் மரங்களும் துல்லியமாகத் தெரிந்தன.

"இவ்வளவு நல்லாத் தெரியுதே. அவளுக்கு ஏனுங்க தெரியாமப் போச்சு?"

பனியாக இருந்திருக்கும் என்றேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"மங்கலாத் தெரியறது இருந்தாக் குடுங்க," என்றார்.

கடையில் இருந்ததிலேயே மட்டமான கார்டை வாங்கிக்கொண்டு போனார். அதில் மலை தெரியாமலிருந்தால் அவருக்கு என்ன ஆறுதல் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.