அவளிடம் கேட்ட கேள்விகள்

என் மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தபோது வயது பதினைந்து. நான் கட்டபெட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. வாரம் மூன்று நாள் நானோ என் மனைவியோ அவளை பஸ்ஸில் ஊட்டிக்கு அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்து கூட்டி வருவோம். ஒரு வருடம் இப்படிப் போனபின், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றார்கள். எனக்குச் சர்க்கரை இருந்ததால் என்னுடையது ஆகாது. என் மனைவியுடையது பொருந்தியது.

ஆனால் அதற்கு முன் ஓர் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள். மகளுடைய மனநிலை, வீட்டு நிலவரம், பள்ளிக்கூடம், மாத்திரையை ஒழுங்காகப் போடுவாளா என்று எல்லாவற்றையும் விசாரிப்பார்களாம். எனக்கு அது பரீட்சையாகத்தான் பட்டது. மூவரும் போன பஸ் கோத்தகிரி மலைப்பாதையில் இறங்கும்போதே மகளுக்குப் பாடம் நடத்தினேன்.

“எது கேட்டாலும், எல்லாம் சரியாப் பண்றேன்னு சொல்லோணும் கண்ணு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆலோசகர் என் வயதை ஒத்த பெண்மணி. முதல் கேள்வி, “பள்ளிக்கூடத்துல உனக்கு யாரெல்லாம் சிநேகிதம்?” என்பது. “அவளுக்கு நெறையப் பேர் இருக்காங்க மேடம்” என்றேன். அடுத்தது மாத்திரை பற்றி. “தவறாமப் போடுவாளுங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நான் பாப்பாகிட்ட கேட்டேனுங்க. நீங்களும் அம்மாவும் கொஞ்ச நேரம் வெளிய உட்கார்றீங்களா?”

வெளியே போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது, சொல் எதுவும் பிடிபடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது மகளின் கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

“அவளே சொல்றேங்கறா” என்றார் ஆலோசகர்.

“அப்பா, பள்ளிக்கூடத்துல மத்தியானம் போடற மாத்திரைய நான் போடறதே இல்லீங்க. நாலு மாசமா. டப்பாவத் தொறந்தா எல்லாரும் என்னையே பாக்கறாங்க. ஜாமெட்ரி பாக்ஸ்ல போட்டு வெச்சு, வர்ற வழியில வீசிருவேன். கொழாய்ல தண்ணியும் குடிச்சிருக்கேன், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இதை இங்க வந்துதான் சொல்லோணுமா? ஆபரேஷன் வேண்டாமுன்னு எழுதிட்டா என்ன பண்ணுவே?” என்று கத்திவிட்டேன்.

“அம்மாவோடதை வாங்கிட்டு அப்பவும் இப்பிடியே வீசினா, அது கெட்டுப்போயிருமுங்கப்பா. இப்பச் சொல்றதுதான் நல்லது” என்றாள். பிறகு ஆலோசகரிடம் திரும்பினாள். “எங்கம்மாவுக்கு இதுல சம்மதமான்னு யாராச்சும் கேட்டீங்களா மேடம்? எங்க ஊட்டுல யாரும் கேக்கல. பொருந்துதுன்னு சொன்னதும் முடிவு பண்ணிட்டாங்க.”

அது உண்மை. நான் கேட்கவே இல்லை.

ஆலோசகர், “அம்மாகிட்டத் தனியாப் பேசறதுக்கு இன்னொரு நாள் வெச்சிருக்கேன். வேண்டாம்னாலும் அவங்க அப்பச் சொல்லலாம்” என்றார். ஆனால் என் மனைவி காத்திருக்கவில்லை.

“எனக்குப் பயமுங்க மேடம். ராத்திரி தூக்கம் வர்றதில்ல. கத்தி வெக்கறதுன்னா சின்ன வயசிலிருந்தே நடுக்கம். ஆனா குடுக்கறதுல மாத்தமில்ல. ஆருங் கேக்காததால சொல்லாம இருந்தேன்.”

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத பயம் அது. மகள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிப்போடக் கேட்டதும் மகள்தான். யாரும் நினைவூட்டாமல் நானாகவே மாத்திரை போட்டுப் பழகிவிட்டு வருகிறேன் என்றாள். ஆலோசகர் ஒத்துக்கொண்டார், டாக்டரும் சரியென்றார். எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் வீணாவதாகத் தோன்றியது.

அவள் செய்த முதல் காரியம், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எல்லார் முன்னும் திறந்து வைத்து, தனக்கு என்ன நோய், எதற்கு இந்த மாத்திரை என்று வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னது. இரண்டொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். மற்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்களாம். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி, ஆலோசகரைக் கூப்பிட்டு அதைச் சொன்னாள். நானாக இருந்தால் மறைத்திருப்பேன். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

மறுபடி போனபோது ஆலோசகர் எங்கள் இருவரையும் கேட்காமலே அவளோடு நெடுநேரம் பேசிவிட்டு, “தயாரா இருக்கா” என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து, இருவரும் பார்த்துக்கொள்ள அனுமதி கிடைத்த நாளில், முகமூடி போட்டுக்கொண்டு சக்கர நாற்காலியில் என் மனைவி மகளின் அறை வாசலுக்கு வந்தாள். வலியில் நிமிர முடியவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்:

“ஒண்ணுக்குப் போகுதா கண்ணு?”

“போகுதும்மா. நெறையப் போகுது!”

இருவரும் சிரித்தார்கள். தையல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்கள். நர்ஸும் சேர்ந்து சிரித்தார்.

இப்போது மகள் கோயமுத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். நடுவில் ஒரு முறை காய்ச்சலில் பத்து நாள் படுக்க வேண்டி வந்தது, தேறிவிட்டாள். பரிசோதனைக்குத் தனியாகவே போகிறாள். என் மனைவி காலையில் எங்கள் சின்னத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கூடை பாரமானால் பயமாக இருக்கிறது என்று இப்போதெல்லாம் என்னிடமே சொல்கிறாள். நான் போய்த் தூக்கி வருகிறேன்.