நாறும்பூநாதனின் வலது கால்

ஒரு மனிதர் தன் சொந்தக் காலைப் பற்றிச் சொல்வதை, கூட வாழ்கிறவர்கள் எந்த அளவுக்கு நம்ப வேண்டும்? ராஜராஜேஸ்வரியின் வாழ்க்கை கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

அவர் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவிகுளம் பக்கத்து வரப்புத் தகராறுகளில் இரண்டு தரப்பையும் கேட்காமல் ஒரு வரி எழுதமாட்டார் என்று பேர். அந்தப் பேர் பொய்யில்லை. ஆனால் அது வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

ஒருநாள் காலையில் கணவர் நாறும்பூநாதன் வீட்டிலிருந்து காரை எடுத்தார். இருபது வருடப் பழைய வண்டி. திடீரென்று உறுமிப் பாய்ந்து கேட் தூணில் மோதியது. பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் துள்ளி விலகியதால் அவர் கையிலிருந்த பால்தூக்கு மட்டும் நசுங்கியது.

“அண்ணாச்சிக்கு எம்மேல என்ன கோவமோ! பாலு கேட்டாத் தந்திருப்பேன்லா?” என்றார் சுந்தரம்மாள்.

“நான் மிதிக்கலட்டி. அதுவாத்தான் பாஞ்சுது,” என்றார் நாறும்பூநாதன், மனைவியைப் பார்த்து.

“ஆமா, அதுவாப் பாயும். கொம்பு வச்ச காளைல்லா அது,” என்றார் ராஜராஜேஸ்வரி.

நாறும்பூநாதனுக்கு எழுபது தாண்டியிருந்தது. வலது கால் சில நேரம் மரத்துப்போகிறது என்று முன்பே சொல்லியிருந்தார். ராஜராஜேஸ்வரிக்கு அது போதும். கார் சாவி அன்றே அவருடைய பீரோவுக்குள் போனது. பம்பரைத் தட்டி நிமிர்த்த வந்த ஆள், என்ஜினையும் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுனவருக்குத்தான்,” என்றார் ராஜராஜேஸ்வரி.

நாறும்பூநாதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கிவந்து, சாயங்காலந்தோறும் குழைத்து அந்தக் காலில் பூசிவிட்டார் ராஜராஜேஸ்வரி. அன்போடுதான் செய்தார். முதலில் வேண்டாம் என்ற நாறும்பூநாதன், பிறகு தானாகவே காலை நீட்டப் பழகினார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று மெக்கானிக் இசக்கித்துரையை வரவழைத்தார் ராஜராஜேஸ்வரி. ஓட்டிப் பார்க்க இருவரும் ராஜபாளையம் ரோட்டில் போனார்கள். கொஞ்ச தூரத்தில் என்ஜின் அலறத் தொடங்கியது. இசக்கித்துரை கிளச்சை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அலறல் குறையவில்லை.

“மேடம், என் வலது காலப் பாருங்க.”

அந்தக் கால் பெடல்களைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தது.

பானட்டைத் திறந்து, ஆக்சிலேட்டர் கேபிளைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றினார். என்ஜினுக்குள் பெட்ரோலை விடும் த்ராட்டில் சடக்கென்று மூடிக்கொண்டது, சத்தம் அடங்கியது. “கார்புரேட்டர்ல கோளாறு இல்ல. கேபிள்தான் கள்ளன்,” என்றபடி கேபிளை உறையிலிருந்து உருவினார். நடுவில் கம்பி இழைகள் அறுந்து முள்ளாக நின்றன.

“மிதிச்சா இழுத்துக்கிடும். காலை எடுத்தா திரும்பணும்லா? இந்தப் பிசிறு உறையில மாட்டிக்கிடுது. சில நேரம் விடும், சில நேரம் விடாது. வண்டி சும்மா நிக்கும்போதே இரைஞ்சிருக்குமே, அண்ணாச்சி சொல்லலியா?”

மோதுவதற்கு முன்பே சொல்லியிருந்தார். ராஜராஜேஸ்வரிதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதுக் கேபிள் மாட்டிய பின், பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதையும் சாவியையும் கணவர் முன் வைத்தார்.

“நீங்க சொன்னதுதான் சரி. கேபிள் அந்துருக்கு. தப்பு எம்பேர்ல.”

நாறும்பூநாதன் பிசிறுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சாவியை மனைவி பக்கமே தள்ளினார்.

“கேபிளும் போயிருக்கும். ஆனா நாந்தான் மிதிச்சிருப்பேன்ட்டி. மண்ணு பூசுத காலுதானே.”

மோதிய அன்று கால் மிதித்ததா இல்லையா என்பதற்குக் கணவர்தான் ஒரே சாட்சி; அந்தச் சாட்சி தன்னையே நம்பாதபடி ராஜராஜேஸ்வரி கலைத்துவிட்டிருந்தார். இனி அவர் எதைச் சொன்னாலும், ஆறுதலுக்குச் சொல்வதாகவே கணவருக்குக் கேட்கும்.

அன்று சாயங்காலம் அவர் மண் குழைக்கவில்லை. நாறும்பூநாதன் கொஞ்ச நேரம் காலை நீட்டி வைத்திருந்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, மல்லுக்கட்டிக் கணவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். “ஸ்டார்ட் பண்ணுங்க” என்றுவிட்டு முன்னால் நடந்தார். கேட்டைத் திறக்கத்தான் போகிறாள் என்று நாறும்பூநாதன் நினைத்தார். ராஜராஜேஸ்வரி கேட்டைத் தொடவில்லை. அன்று கார் மோதிப் பூச்சு உதிர்ந்த தூணில் முதுகைச் சாய்த்து, காருக்கு நேர் எதிரே நின்றார்.

“முன்னால வாங்க.”

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? தள்ளி நில்லு!”

“வாங்க.”

மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த சுந்தரம்மாள் வாயில் கை வைத்தார். கார் ஒரு சாண் நகர்ந்து நின்றது. பிறகு இன்னொரு சாண்.

ஏன் அப்படிப் போய் நின்றாய் என்று சுந்தரம்மாள் பிற்பாடு கேட்டபோதெல்லாம் ராஜராஜேஸ்வரி பேச்சை மாற்றினார். நாறும்பூநாதன் கேட்கவே இல்லை.