லூர்துநாதன் வாசிக்க மறுத்த மெட்டு

காரைக்காலில் கப்பலுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எல்லாருமே கப்பித்தானுக்கு வலக்கையாக இருந்தவர்கள்தான். கப்பலையே இவர்கள்தான் ஓட்டியிருப்பார்கள். கப்பித்தான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார். லூர்துநாதன் ஒருவர்தான், "ரெண்டு வருஷம் படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போட்டேங்க" என்று கூசாமல் சொல்வார். அதனாலேயே அவர் சொன்ன மற்றதையும் ஊர் நம்பியது.

அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையைக் கடைசிவரை விடாதவர். அந்தப் புண்ணியத்தில் லூர்துநாதன் எழுபத்து நாலில் மர்சேய் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு உல்லாசக் கப்பலின் சலவை அறைக்குள் நுழைந்தார். கரீபியக் கடலில் குவாதலூப், மர்த்தினிக் என்று தீவு தீவாகச் சுற்றுகிற கப்பல் அது. நூறு வருஷத்துக்கு முன்னால் காரைக்காலிலிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவுகள்தான். இவர் இஸ்திரிப் பெட்டியோடு போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுக்கடலில் சும்மா மிதந்து காற்று வாங்குகிற கப்பல் இல்லை அது. தினம் ஒரு தீவு, தினம் ஒரு துறைமுகம். காலையில் பயணிகள் இறங்கிப் போவார்கள். எரிமலை, சந்தை, சர்க்கரை ஆலை என்று நாளெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு, தலையில் ஓலைத்தொப்பியும் கையில் ஜாதிக்காய்ப் பொட்டலமுமாக, வெந்த நண்டு மாதிரி சிவந்துபோய்ப் பொழுது சாய ஏறுவார்கள். இரவுச் சாப்பாடு ஆனதும் கூடத்தில் பாட்டும் நடனமும் உண்டு என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. பாட்டு இருந்தது உண்மைதான். ஆடத்தான் ஆளில்லை. நாள் முழுக்க நடந்தவர்களுக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டால் போதும் என்றிருக்குமா, ஆடத் தோன்றுமா? பியானோ, அக்கார்டியன், டிரம், கிளாரினெட் என்று நாலு பேர் குழு, காலி நாற்காலிகளுக்கு வாசித்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கிளாரினெட்காரன் ஒரு தீவில் எவளையோ பார்த்து மயங்கி, இறங்கியவன் திரும்பவே இல்லை. லூர்துநாதனுக்கு அதிர்ஷ்டம் அந்த வழியாக வந்தது. காரைக்கால் மாதா கோயில் பேண்டில் பத்து வருஷம் கிளாரினெட் வாசித்தவர் அவர். தேர் பவனியா, கல்யாணமா, சாவா, எதுவானாலும் அவர்கள் பேண்டுதான். கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்த வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, கப்பலின் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த மதாமின் முன்னால் போய் நின்றார். மதாம் கேட்டுவிட்டுக் கறாராகச் சொன்னார்: அடுத்த சுற்று முடியும்வரை பார்ப்பேன், கூடத்துக்கு ஆள் வந்தால் நீ மேடையில் இரு, வராவிட்டால் ரெக்கார்டு போட்டுக்கொள்கிறேன், நீ கீழே போ.

கீழே என்றால் என்னவென்று அவருக்குத்தான் தெரியும். கப்பலின் அடிவயிற்றில் ஜன்னல் இல்லாத அறை. ஆவியும் சோப்பு நெடியும். இரண்டு வருஷம் கடலில் இருந்தும் கடலைக் கண்ணால் பார்க்காத மனிதர். மறுபடி அங்கே போவதை நினைத்தாலே மூச்சு முட்டியது. போதாக்குறைக்கு, மேடை ஏறியதை அன்றைக்கே மனைவி ஜெயமேரிக்கு எழுதிப் போட்டுவிட்டார். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி, பக்கத்துத் தெருவுக்கும் போயிருப்பாள்.

புதுச் சுற்று தொடங்கியது. தினம் முதல் ஆளாகக் கூடத்துக்கு வந்தது ஒரு வயதான தம்பதி. அவர்கள் எந்தத் தீவிலும் இறங்கவில்லை. முசே என்று எல்லாரும் அழைத்த அந்தப் பெரியவருக்கு நெஞ்சில் கோளாறு. கப்பலின் படிக்கட்டு இறங்கவே முடியாது. மற்றவர்கள் பகலுக்காக வந்தவர்கள் என்றால் இவர்கள் சாயங்காலத்துக்காக வந்தவர்கள். இரண்டாம் நாளே முசே கையை உயர்த்தி ஒரு பழைய வால்ஸ் நடனப் பாட்டைக் கேட்டார். பியானோக்காரர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். நாலு சுரம் கேட்டதும் லூர்துநாதன் மெட்டை அடையாளம் கண்டுகொண்டார். கிளாரினெட்டை மடியில் வைத்துவிட்டார்.

அது காரைக்காலில் சாவு மெட்டு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் துரைமார் வீட்டு விருந்துகளில் ஆடிய வால்ஸ்தான் அது. ஓய்வுபெற்ற ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர், தன்னை அடக்கம் செய்யும்போது அதை வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனார். பேண்டுக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வாசித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தங்கள் வீட்டுச் சாவுக்கும் அதுவே வேண்டும் என்றாகிவிட்டது. லூர்துநாதன் தலையெடுத்தபோது அது நடன மெட்டு என்பதே ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அது தெருவில் கேட்டால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்பார்கள். வீட்டுக்குள் அதை யாராவது முணுமுணுத்தால் வாயிலேயே ஒரு போடு விழும்.

நடுவில் ஒரு விடுமுறைக்கு ஊர் வந்துபோயிருந்தார்; இப்போது அங்கே திருமலைராயன்பட்டினத்தில், தாய் வீட்டில், ஜெயமேரி நிறைமாதமாக இருந்தாள். முதல் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. பச்சைக் குழந்தைக்குப் பேண்டு வைக்கும் வழக்கம் கிடையாது. லூர்துநாதன் வாத்தியம் இல்லாமல் வெறுங்கையோடு கல்லறைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அன்றைக்கு வழியெல்லாம் அவர் காதுக்குள் ஓடிய மெட்டும் இதுதான். இப்போது இதை எடுத்து எப்படி ஊதுவார்?

"எனக்கு இந்தப் பாட்டு தெரியாது" என்று சொல்லிவிட்டார். பொய்தான்; கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். மற்ற மூவரும் வாசிக்க, முசே எழுந்து மனைவியின் தோளைப் பிடித்து இரண்டு அடி வைத்தார். மூச்சு வாங்கியது. உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அதே கதை. கிளாரினெட்காரர் ஒரு பாட்டுக்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது பொறுப்பாளர் மதாமின் கண்ணில் படாமல் போகுமா? கூடத்தில் அன்றைக்கும் மொத்தம் ஆறு பேர். மதாம் ரெக்கார்டுப் பெட்டியைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

அடுத்த நாள் கப்பல் குவாதலூப்பை விட்டுக் கிளம்புகிற நேரம். மேல்தளத்தில் முசே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நேராக லூர்துநாதனிடம் வந்தார். அந்தப் பிரெஞ்சு அம்மாள் பேசியதை லூர்துநாதன் வீட்டில் சொல்லும்போது, அந்த அம்மாள் காரைக்கால் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர் மாதிரியே இருக்கும்.

"எல்லாப் பாட்டும் வாசிக்கிறீங்க. இது ஒண்ணு மட்டும் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுச்சு?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அது எங்க ஊருல சாவுக்கு வாசிக்கிறதுங்க."

"எங்க கல்யாணத்துல ஆடினது."

லூர்துநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தியில் போய் இழவு சொன்ன மாதிரி ஆகிவிட்டதே! அம்மாள் கோபப்படவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டார்:

"சாவுக்குன்னா எப்படி வாசிப்பீங்க? இதே மாதிரியா?"

"இல்லீங்க. ரொம்ப மெதுவா. சவப்பெட்டி வச்ச தூம்பா தூக்கிட்டு வர்றவங்க காலுக்குத் தகுந்த மாதிரி. ஒரு அடி வச்சு, நின்னு, அப்புறம் அடுத்த அடி. அவசரப்பட்டா மேல பெட்டி ஆடிடும்."

அம்மாள் திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"அவருக்கு இப்ப அவ்வளவுதாங்க முடியும். பியானோ ஓடுற ஓட்டத்துக்கு அவரால ஆட முடியல. செத்தவங்களுக்காக அவ்வளவு மெதுவா போறீங்களே, உசுரோட இருக்கிறவருக்காக ஒரு நாள் போகக்கூடாதா?"

"என் வீட்டுக்காரி மாசமா இருக்காங்க. முதல் புள்ள தங்கல."

அம்மாளின் முகம் மாறிவிட்டது. "அப்ப வேணாம். நான் கேட்டதையே மறந்துடுங்க" என்று அவர் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மாள் மல்லுக்கு நின்றிருந்தால் லூர்துநாதன் தப்பித்திருப்பார். விட்டுக்கொடுத்துவிட்டுப் போனதுதான் அவரைக் கொன்றது. அந்தக் கிழவர் ஆட வேண்டும் என்று பாதி மனசு. சலவை அறைக்குத் திரும்பக்கூடாது என்று மீதி மனசு. முழுக்கக் கிழவருக்காகத்தான் என்று அவர் பின்னாளில்கூடப் பீற்றிக்கொண்டதில்லை. அதற்கு மேல் பயம். வயிற்றுப் பிள்ளையின் தலையில் எதையோ ஏற்றிவைக்கப் போகிறோம் என்ற பயம்.

கூடத்தில் முசே அன்று எதுவும் கேட்கவில்லை. லூர்துநாதனே பியானோக்காரர் பக்கம் குனிந்து, "நான் ஆரம்பிக்கிறேன், என் பின்னாலயே வாங்க" என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். 'மாதாவே, இது ஆட்டத்துக்கு. அந்தக் கணக்குல சேத்துடாதம்மா' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு வாத்தியத்தை வாயில் வைத்தார்.

டிரம்காரன் பழக்க தோஷத்தில் முந்தினான். லூர்துநாதன் காலால் தரையில் தட்டி அவனை அடக்கினார். ஒரு அடி, நின்று, அடுத்த அடி. முசே எழுந்தார். மனைவியைப் பிடித்துக்கொண்டு ஓரடி வைத்தார், நின்றார், மூச்சை விட்டார், அடுத்த அடி வைத்தார். மெட்டு அவருக்காகக் காத்திருந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு சுற்றும் சுற்றி, பாட்டு முடிகிறவரை அந்த மனிதர் உட்காரவே இல்லை. லூர்துநாதனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. வாசிப்பை மட்டும் விடவில்லை.

அதற்குள் வேறொன்று நடந்தது. வாசலோரம் போகிறபோக்கில் எட்டிப்பார்த்த ஒரு பெண், செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு உள்ளே வந்து கணவனை இழுத்தாள். பின்னாலேயே இன்னொரு ஜோடி. எரிமலை ஏறிக் கால் வீங்கியவர்களுக்கும் இந்த வேகம் தோதாக இருந்தது. மறுநாள் பாதிக் கூடம் நிறைந்தது. அதற்கடுத்த தீவில், நாற்காலிகளை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. ரெக்கார்டுப் பெட்டியை மறுபடி அலமாரிக்கு அனுப்பிய பொறுப்பாளர் மதாம், நிகழ்ச்சி நிரலில் பெரிய எழுத்தில் 'காரைக்கால் வால்ஸ்' என்று அச்சடித்துப் போட்டார். லூர்துநாதன் தலையில் அடித்துக்கொண்டார். ஊர்ப்பேர் போயும் போயும் எதில் வந்து ஒட்டிக்கொண்டது!

மேடை நிலைத்துவிட்டது. பயம் போகவில்லை. கப்பல் எந்தத் தீவில் நின்றாலும் பயணிகள் சந்தைக்குப் போவார்கள், இவர் கம்பெனி ஏஜெண்டின் அலுவலகத்துக்கு ஓடுவார். மர்த்தினிக்கில் ஒருநாள் தந்தி காத்திருந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஏஜெண்ட் எவரோ செத்துவிட்டார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுவருஷம் விடுமுறையில் ஊர் வந்தபோது மகள் இருதயமேரிக்கு ஒரு வயது ஆகவிருந்தது. லூர்துநாதனுக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே. ஜெயமேரியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"புள்ளய வயித்துல வச்சுக்கிட்டு நான் இங்க செபமாலை உருட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க அங்க சாவு மெட்டு ஊதிக்கிட்டு இருந்தீங்களா?"

இரண்டு நாள் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம், இருதயமேரி நாற்காலியைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, அவசரமாகக் காலை வீசிப் பொத்தென்று விழுந்தாள். தினம் இதுதான் நடந்துகொண்டிருந்தது. ஜெயமேரி பிள்ளையைத் தூக்கி நிறுத்தியபடியே கேட்டாள்:

"அந்தக் கெழவரு முழுசா ஆடினாரா?"

"முழுசா ஆடினாரு."

"விழாமயா?"

"விழாமத்தான்."

அவள் பிள்ளையை நாற்காலியைப் பிடித்து நிற்க வைத்தாள். பிறகு, "எங்க, அந்த மெட்ட எடுங்க" என்றாள்.

"தெருவுக்குக் கேக்கும், மேரி."

"கேக்கட்டும். புள்ள எவ்வளவு நாளைக்குத்தான் விழுந்துகிட்டே இருக்கும்?"

லூர்துநாதன் கிளாரினெட்டை எடுத்து, அதே மெதுவான வேகத்தில் வாசித்தார். ஜெயமேரி கூடத்தின் மறுகோடியில் குந்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை சத்தம் வந்த பக்கம் ஒருமுறை பார்த்தது. ஒரு அடி வைத்து நின்றது. ஆடியது, விழவில்லை. அடுத்த அடி வைத்தது.

எதிர்வீட்டுக் காசியம்மா அவிழ்ந்த கொண்டையோடு பதறியடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "அய்யய்யோ, யாருடி போனது?"

ஜெயமேரி நீட்டிய கையை மடக்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"யாரும் போவலக்கா. எம்பொண்ணு வந்துக்கிட்டு இருக்கா."