கிளிநொச்சியின் ஆறாவது கணினி

நஃப்லா என்ன வேலை பார்க்கிறாள் என்று அவளுடைய வாப்பா மீராசாகிபுவுக்குச் சரியாக விளங்கியதே இல்லை.

"கொம்பியூட்டர் திருத்துறதா?" என்று கேட்பார்.

"திருத்துறதில்ல வாப்பா. இங்க வவுனியாவில இருந்துகொண்டே கிளிநொச்சியில இருக்கிற கொம்பியூட்டருக்குள்ள மென்பொருள் ஏத்துறது."

"ஆள் போகாமலா?"

"ஓம், ஆள் போகாமல்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் துணிக்கடைக்குப் போய்விடுவார்.

நஃப்லாவுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பிறந்தது முல்லைத்தீவு. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டபோது, எட்டு வயதில் குடும்பத்தோடு வெளியேறிப் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவள். கணினி படித்ததும் அங்கேதான். போர்நிறுத்தத்தோடு பாதை திறந்த பிறகு மீராசாகிபு குடும்பத்தை வவுனியாவுக்குக் கூட்டிவந்தார். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே கந்தோர் போட்டிருந்தது. அதில் நஃப்லாவுக்கு வேலை கிடைத்தது.

நிறுவனத்தின் கிளிநொச்சிக் கந்தோரில் ஆறு கணினிகள் இருந்தன. கூரையில் ஒரு செய்மதித் தட்டு. அதன் வழியாகத்தான் தொலைபேசியும் இணையமும். மின்சாரம் ஜெனரேட்டரில்: காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, பின்னேரம் இரண்டிலிருந்து ஐந்து. ஆறு கணினிகளில் ஐந்து கடிதம் அடிக்கவும் கணக்குப் பார்க்கவும். ஆறாவதில்தான் வீட்டுப் பட்டியல் இருந்தது. எந்தக் குடும்பம், எத்தனை பேர், காணி உறுதிப் பத்திரம் உண்டா, அத்திவாரம் போட்டாச்சா என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் விவரம். அதைப் பதிகிறவர் ஞானேஸ்வரி. நஃப்லா அவரைக் கண்டதில்லை. தொலைபேசியில் மட்டும் இரண்டு மூன்று தடவை கதைத்திருக்கிறாள்.

2006 தை மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, நஃப்லா தன் முதல் பிழையைச் செய்தாள். ஆறு கணினிகளுக்கும் ஒரு சிறிய மென்பொருளை அனுப்பவேண்டியிருந்தது. அனுப்பும் வேலையைத் திரையில் அமைக்கும்போது கடைசிப் பக்கத்தில் சில கேள்விகள் வரும். தொடங்குமுன் அங்கே இருப்பவரைக் கேட்கவா, கேட்காமலே ஏற்றவா? முடிந்ததும் கணினியை உடனே நிறுத்தித் திரும்பத் தொடக்கவா, பிறகா? அவள் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. ஏற்கெனவே குறித்திருந்தபடியே விட்டுவிட்டு அனுப்பினாள். குறித்திருந்தது இதுதான்: கேட்காதே, உடனே தொடக்கு.

பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, ஞானேஸ்வரி கதைக்கிறன். திரை கறுத்துப்போய்த் திரும்ப வந்திருக்குது. காலமையில இருந்து அடிச்ச அறுபத்திமூண்டு குடும்பம். ஒண்டும் இல்ல. எல்லாம் போட்டுது."

"சேவ் பண்ணேல்லையா அக்கா?"

கேட்டவுடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது.

"பண்ணேல்ல," என்றார் ஞானேஸ்வரி. "ஆனால் நான் நிப்பாட்டேல்லையே. ஆரோ நிப்பாட்டினது."

நஃப்லா அன்று முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் இணைப்பாளர் ஜனார்த்தனனிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, புதன்கிழமை விடிய பஸ் ஏறினாள். ஓமந்தையில் இறங்கி, இராணுவம், புலிகள் என இரண்டு பக்கச் சோதனையும் முடித்து, வேறு பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகிவிட்டது.

ஞானேஸ்வரிக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. வாசலில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் வவுனியாத் தங்கச்சியா? இதுக்காகவா வந்தனீங்கள்?"

"அறுபத்திமூண்டையும் நான் அடிச்சுத் தாறன் அக்கா."

"முப்பத்தொண்டு அடியுங்கோ. மிச்சத்தை நான் அடிக்கிறன்," என்று ஒரு கதிரையை இழுத்துப்போட்டார்.

அடித்துக்கொண்டிருந்தபோது கதை வந்தது. ஞானேஸ்வரியின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறியது. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பிராவை விட்டுவரும்போது அவருடைய அம்மா ராக்காயி ஒரு பித்தளைக் குடத்தை மட்டும் தூக்கிவந்தாராம். "நீங்க?" என்று கேட்டார். "முல்லைத்தீவு," என்றாள் நஃப்லா. எந்த ஆண்டு போனாள் என்று ஞானேஸ்வரி கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்களும் ஒரு நாளைக்குப் பட்டியலுக்குள்ள வரவேணும்," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு நாளில் நஃப்லா பலதைக் கவனித்தாள். திரையில் ஆங்கிலத்தில் ஏதாவது பெட்டி வந்தால் அங்கே யாரும் வாசிப்பதில்லை. மௌஸால் அமத்தி மூடிவிடுகிறார்கள். ஞானேஸ்வரி பட்டியலைத் திறந்தபடியே விட்டுவிட்டு, முன் விறாந்தையில் காத்திருக்கும் குடும்பங்களோடு கதைக்கப் போவார். வர அரை மணித்தியாலமும் ஆகும். ஜெனரேட்டர்காரர் சுடலைமுத்து "அஞ்சு நிமிசம்!" என்று வெளியே நின்று கத்துவார். பிறகு நிறுத்திவிடுவார். மென்பொருள் பாதி ஏறியிருக்கும்போது நிறுத்தினால் அந்தக் கணினி பிறகு எழும்பாமலே போகலாம்.

திரும்பி வந்த அடுத்த வாரமே பெரிய சோதனை வந்தது. கொழும்பிலிருந்து அவசரச் செய்தி. ஒரு புதிய வைரஸ் பரவுகிறது. மாதத்தின் மூன்றாம் திகதி கணினியைப் போட்டு அரை மணித்தியாலத்தில், உள்ளே இருக்கும் பத்திரங்கள், பட்டியல்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும். அதற்கான மருந்து மாசி இரண்டாம் திகதி, வியாழன் காலைதான் நஃப்லாவின் கைக்கு வந்தது. வழக்கமாகப் பட்டியலின் பிரதியை சீடியில் எழுதி வவுனியாவுக்கு அனுப்புவார்கள். சீடி எழுதும் கருவி பழுதாகி மூன்று வாரம்.

இம்முறை நஃப்லா கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தொடங்குமுன் கேள். இருபது நிமிடம் பதிலுக்குக் காத்திரு. ஒவ்வொரு மணித்தியாலமாக மூன்று தடவை ஒத்திவைக்க விடு. கணினியைத் திரும்பத் தொடக்குமுன் இன்னொரு தடவை சொல். பெட்டியில் வரும் செய்தியைத் தமிழில் எழுதிப் பார்த்தாள். வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. பிறகு கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவதுபோலத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாள்: "நஃப்லா கேக்கிறன். வேலையைச் சேவ் பண்ணிப்போட்டு ஓம் எண்டதை அமத்துங்கோ. பத்து நிமிசம் எடுக்கும். கொம்பியூட்டர் நிண்டு திரும்ப வரும். ஜெனரேட்டரை நிப்பாட்ட விடாதேங்கோ."

மிஞ்சியது ஒரே கேள்வி. ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது?

ஜனார்த்தனன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "கேக்காமல் ஏத்தெண்டு போடும். நீர் கேள்வி கேட்டுக்கொண்டு நிண்டால் நாளைக்கு விடிய எல்லாம் போயிடும்."

"அஞ்சுக்குப் பத்து நிமிசம் இருக்கேக்க அது தானாத் தொடங்கினா, சேர்? ஒருத்தருக்கும் தெரியாது. சுடலைமுத்தண்ணை நிப்பாட்டிப்போடுவார். கொம்பியூட்டரே போயிடும்."

"ஆரும் அமத்தாட்டி?"

"அமத்துவினம்."

"நீர் பொறுப்பா?"

"ஓம், நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டாள். பதில் இல்லாவிட்டால் ஏற்றாதே, ஒரு மணித்தியாலத்தால் திரும்பக் கேள் என்று குறித்து, பத்தரைக்கு அனுப்பினாள். மருந்து ஆறு கணினிகளுக்குள்ளும் போய், ஓம் என்ற பதிலுக்காக அங்கேயே காத்திருக்கும்.

பன்னிரண்டுக்குள் நான்கு கணினிகள் முடிந்ததாகச் செய்தி வந்தது. இரண்டரைக்கு ஐந்தாவது. ஆறாவதற்கு நேரே "ஒத்திவைத்தார்: ஒரு தடவை" என்று நின்றது. மூன்று மணிக்கு "இரண்டு தடவை" என்று மாறியது. மூன்று பத்துக்குக் கிளிநொச்சிப் பக்கம் மழை இருட்டி, செய்மதி இணைப்பு அறுந்தது. அதோடு தொலைபேசியும் போனது.

கிளிநொச்சிக் கடைத்தெருவில் ஒரு தொடர்பாடல் நிலையம் இருந்தது. அதன் இலக்கத்தை நஃப்லா அடித்துக்கொண்டே இருந்தாள். ஐந்து இருபதுக்குத்தான் கிடைத்தது. நிலையத்துக்காரர் மழையிலும் ஒருவரை அனுப்பிப் பார்த்தார். "கந்தோர் பூட்டியாச்சு பிள்ளை. எல்லாரும் போயிட்டினம்," என்றார். நாளைக்கு ஆறாவதைப் போடவேண்டாம் என்று சொல்லிவிடும்படி நஃப்லா கேட்குமுன் அந்த இணைப்பும் அறுந்தது; மறுநாள் காலையிலும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே நஃப்லா கந்தோருக்கு வந்துவிட்டாள். அவள் போட்ட கணக்கு எளியது. ஞானேஸ்வரி நேற்று ஓம் என்று அமத்தியிருந்தால் பட்டியல் இருக்கும். அமத்தியிராவிட்டால், ஒன்பதுக்கு ஜெனரேட்டர் போடுவார்கள், ஒன்பதரைக்கு இரண்டாயிரம் குடும்பமும் போய்விடும். அதற்குள் பஸ்ஸில் போய்ச் சேரவும் முடியாது. கேட்காமல் ஏற்றியிருந்தால்? அந்தக் கேள்வியை எத்தனை தரம் தள்ளிவிட்டாலும் திரும்பத் திரும்ப வந்தது. ஜனார்த்தனன் வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பது ஏழுக்கு இணைப்பு வந்தது. ஆறாவது கணினியின் வரி கொஞ்ச நேரம் பழையபடியே நின்றது. பிறகு மாறியது.

முடிந்தது. திரும்பத் தொடங்கியது: நேற்றுப் பிற்பகல் 4.21. மூன்று இடங்களில் வைரஸ் இருந்தது, அகற்றப்பட்டது.

நஃப்லா அதை மூன்று தடவை வாசித்தாள். மூன்று இடங்களில். அது உள்ளேதான் இருந்திருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ்," என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து ஜனார்த்தனன் ஓடிவந்தார். அவள் திரையைக் காட்டினாள். வாசித்துவிட்டு அவர் அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

கிளிநொச்சிக்கு அடித்தாள். ஞானேஸ்வரியே எடுத்தார்.

"அக்கா, நேற்று ஏன் இரண்டு தடவை தள்ளினீங்கள்? என்ர உசிரே போட்டுது."

"முள்ளியவளையில இருந்து ஒரு குடும்பம் வந்தது, தங்கச்சி. மூண்டு பஸ் மாறி. அவையின்ர காணிக் கடதாசியளை அடிச்சு முடிக்காமல் எப்பிடி நிப்பாட்டுறது? அவையை அனுப்பிப்போட்டு, சுடலைமுத்தண்ணையிட்டப் போய், நான் சொல்லுமட்டும் கை வைக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டு வந்துதான் அமத்தினனான். பத்து நிமிசமும் முன்னால குந்தியிருந்து பார்த்தன்."

"வாசிச்சனீங்களா? எழுதினதை?"

"உங்கட பேர் இருந்துதே. அதாலதான் வாசிச்சனான்."

பட்டியல் திறக்கிறதா என்று நஃப்லா கேட்டாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "திறக்குது. இரண்டாயிரத்து நூற்றிநாற்பத்தெட்டு. கடைசியில முள்ளியவளைக் குடும்பமும் இருக்குது," என்றார் ஞானேஸ்வரி. நஃப்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து மணிக்கு ஜனார்த்தனன் கொழும்போடு கதைத்தார். "எங்கட பிள்ளை போட்ட மாதிரியே இனிமேல் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் போடச் சொல்லுங்கோ. ஓம், கேட்டுத்தான்," என்று சொல்வது கதவால் கேட்டது. எப்படிப் போட்டாள் என்று எழுதி அனுப்பச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அவளிடம் வைத்தார். அவள் பிறகு எழுதுகிறேன் என்றாள். முதலில் பையைத் திறந்து, உம்மா நபீஸா மத்தியானத்துக்கென்று கட்டித்தந்த புட்டையும் மீன்குழம்பையும் எடுத்தாள். முந்தின நாள் பகலுக்குப் பிறகு அவள் சாப்பிட்டிருக்கவில்லை. மேசையிலேயே வைத்து, ஒரு பருக்கை மிஞ்சாமல் சாப்பிட்டு முடித்தாள்.