பர்னபாஸ் பேர் போட்ட முகத் தண்ணீர்

பாக்கியவதிக்கு முகத்தில் பரு கிளம்பியது பதினைந்து வயதில். இருபத்திரண்டு ஆகியும் அடங்கவில்லை. மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கல்தூள். வேர்வையில் அது மாவு மாதிரி கன்னத்தில் அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கழுவினால் பருக்களின் முனையெல்லாம் எரியும். கொட்டகைப் பெண்கள் அவளை "முள்ளு மூஞ்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். பழகிவிட்டது.

அம்மா பிளேக் வந்த வருஷம் போய்விட்டாள். அப்பா சகாயம் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரர். ஒரே அக்கா மரியகுழந்தை. அவளுடைய புருஷன் பர்னபாஸ், பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். இங்கிலீஷ் எழுத்து படிப்பார், துவைத்த வெள்ளைச் சட்டை போடுவார். சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவிதர் அப்பாவுக்குச் சவரம் செய்தபோது, கத்தி பட்ட இடத்தில் படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்தார். அப்பாவின் கழுத்திலிருந்த சின்னச் சின்னக் கட்டிகள் இரண்டு நாளில் வற்றிப்போனதை பாக்கியவதி கவனித்தாள். நாவிதரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி முகம் முழுக்கத் தேய்த்துக்கொண்டாள். தோல் மேளம் போல இறுகியது. மூன்றாம் நாள் செதில் செதிலாக உரிந்தது. படிகாரத்தில் தப்பில்லை, அளவில்தான் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது.

பங்களாத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் ரோஜா இதழ்களை அப்பா துண்டில் முடிந்து கொண்டுவருவார். அதையும் ஒரு கொத்து வேப்பிலையையும் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி வைப்பாள். ஆறியதும் வடிகட்டி, ஒரு செம்புக்கு ஒரு மிளகு அளவு படிகாரம் கரைப்பாள். வேலை விட்டு வந்ததும் பயத்தமாவு போட்டு முகம் கழுவி, பழைய வேட்டித் துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து ஒற்றி ஒற்றி எடுப்பாள். தேய்க்கக் கூடாது. பருவைக் கிள்ளக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் தண்ணீரை வைத்திருந்தால் நாற்றம் எடுக்கும். எல்லாம் அவளே பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்று மாதத்தில் சீழ்ப் பருக்கள் குறைந்தன. தழும்புகள் இருந்தன, ஆனால் எரிச்சல் இல்லை. கொட்டகையில் முள்ளு மூஞ்சி என்று கூப்பிட்டவர்களே செம்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

"மறைஞ்சி போயிடும்னு நெனைச்சிக்காத. அடங்கும், அவ்ளோதான்" என்று சொல்லித்தான் ஊற்றிக் கொடுப்பாள்.

விஷயம் பர்னபாஸ் காதுக்குப் போனது. ஒரு நாள் அவரே வந்தார்.

"இன்னா போடுற அதுல?" என்று கேட்டார்.

படித்த மனுஷன் தன்னிடம் கேட்கிறாரே என்று பாக்கியவதிக்குச் சந்தோஷம். அடுப்பு மூட்டி, முன்னால் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் அந்தத் தண்ணீர் பாட்டிலில் விற்பனைக்கு வந்தது. மேலே ஒட்டிய காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவிடம் கேட்டாள்.

"பர்னபாஸ் முகத் தண்ணீர்னு போட்டுகீது" என்றாள் மரியகுழந்தை. "உம் பேரப் போட்டா யாருடி நம்புவாங்க?"

பாக்கியவதிக்கு அது பிடிக்கவில்லை. மாமாதானே என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போனபோது பர்னபாஸ் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் வெள்ளைத் தூள். இவள் அதை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத. விஷம் அது, பாதரச உப்பு" என்றார்.

"விஷத்த எதுக்கு மாமா மூஞ்சிக்குப் போடுற தண்ணியில கலக்குறீங்க?"

"நீ பண்ற தண்ணி ரெண்டு நாளுல நாறுது. இதப் போட்டா மாசக்கணக்கா தாங்கும். மூஞ்சியும் வெளுக்கும். வெள்ளக்காரிங்க போடுறதுதான்."

அன்றைக்கே அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த விஷத் தூளைப் பற்றிச் சொல்லி, "வேணாம்னு சொல்லுக்கா" என்றாள். அக்கா சொல்வதாகத் தலையாட்டினாள். பாக்கியவதி அதோடு நிறுத்திக்கொண்டாள். வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு லைன் தள்ளி ஐடா என்று ஒரு பெண். பதினேழு வயசு, மிஷன் பள்ளியில் படித்தவள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்குள் நெற்றிப் பரு போகவேண்டும் என்று பர்னபாஸ் பாட்டிலை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று தடவை போட்டாள். முதல் வாரம் முகம் வெளுத்தது. அவளுடைய அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். இரண்டாம் வாரம் கன்னம் சிவந்து, கொப்புளித்து, தோல் கழன்றது. ஐடாவால் சாப்பிட வாயைத் திறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது ஐடாவின் அம்மா பர்னபாஸை மறித்தாள். மகளின் முக்காட்டை விலக்கிக் காட்டி, "இன்னா கலந்தீங்க?" என்று கேட்டாள். கூட்டம் கூடிவிட்டது.

பர்னபாஸ் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "நான் பாட்டில்ல ஊத்திக் குடுத்தேன், அவ்ளோதான். பண்ணது அவ" என்று பாக்கியவதியைக் கைகாட்டினார். "இலையோ தழையோ எதையோ போட்டுக் காய்ச்சுறா. எனக்கு இன்னா தெரியும்?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. பாக்கியவதி அக்காவைப் பார்த்தாள். இந்த ஊரில் உண்மை தெரிந்த இன்னொருத்தி அவள்தான். மரியகுழந்தை இடுப்பில் இருந்த பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா சொன்னதைக்கூட அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் குனிந்த தலையைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா செத்தபிறகு தனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள் அந்த அக்கா. வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் அக்கா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உண்மையச் சொன்னா அவருக்கு வேல போயிடும். எனக்கு மூணு புள்ளைங்க கீது. நீ தனி ஆளு, தாங்கிப்ப."

"நான் தாங்கிப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள் பாக்கியவதி. அக்காவை அதுவரை நீ என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் முதல்முறை நீங்க என்றாள்.

கொட்டகையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தண்ணீர் கேட்டு வந்தவர்கள் எச்சில் துப்பிவிட்டுப் போனார்கள். அவள் ஊரைக் கூட்டி நியாயம் கேட்கவில்லை. தினமும் வேலை விட்டதும் ஐடா வீட்டுக்குப் போனாள். நான்கு நாள் அவளுடைய அம்மா கதவைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஐடாவே திறந்தாள்.

"அந்தத் தண்ணியில விஷத்தக் கலந்தது நீங்களா, அக்கா?"

"நான் கலக்கல. மாமாதான் பாதரச உப்பு போட்டாரு. போடுறாருன்னு எனக்குத் தெரியும். உங்கிட்ட வந்து சொல்லல. அது என் தப்புதான்."

ஐடா வழிவிட்டு நின்றாள்.

படிகாரம் இல்லை, வேப்பிலை இல்லை. கொதிக்கவைத்து ஆறிய வெறும் தண்ணீரில் துணியை நனைத்து, ஒரு மாதம் அந்த முகத்தை ஒற்றி எடுத்தாள் பாக்கியவதி. புண் ஆறியது. இடது கன்னத்தில் உள்ளங்கை அளவு கருமை மட்டும் நின்றுவிட்டது. கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போய், பிறகு நடந்தது. ஐடா தனக்குத் தெரிந்ததை ஒவ்வொருவரிடமாகச் சொன்னாள். ஊர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. அதற்குள் பர்னபாஸ் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார். பாக்கியவதியிடம் வந்து மன்னிப்புக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கொட்டகையில் மட்டும் மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து அப்பா இறந்தபோது மரியகுழந்தை தனியாக வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்களுக்குச் சோறு ஆக்கினார்கள். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது அக்கா மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் பேசியிருக்கணும்."

"ஆமா" என்றாள் பாக்கியவதி.

மத்தியானம் அக்காவின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனாள். ரயில் கிளம்பும்வரை நிற்கவில்லை. அன்று கொட்டகையில் சாயங்கால ஷிப்டுக்கு அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள்.